சந்தை வளர்த்த ஊரில் ஒரு விடுமுறை

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் லண்டனைச் சுற்றிப் பார்க்கிறார்கள். நேரமிருந்தால் ஸ்காட்லாந்துக்கும் போய் வருகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ரயில் ஜன்னலில் ஓடி மறையும் சிற்றூர்களில் இறங்கித் தங்குகிறவர்கள் குறைவு. அந்த நாட்டு மக்கள் எதை விளைவித்தார்கள், எதை விற்றுப் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய சந்தை ஊராகப் பார்த்து அறை எடுங்கள்.

நான் அப்படித் தங்கிய ஊர் ஆனிக். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நார்த்தம்பர்லாந்து மாவட்டத்தில் இருக்கிறது. நியூகாசிலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 மைல். கடற்கரை 5 மைல்தான். மக்கள்தொகை 8,000 சொச்சம். நியூகாசிலில் செவிலியராக இருக்கும் என் மகள்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தாள். "அம்மா, நீ சந்தையைப் பார்த்தா விடவே மாட்டே. அதான் இங்கே போட்டேன்" என்றாள். உண்மைதான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி நடத்திய குடும்பத்தில் பிறந்தவள் நான். விடியற்காலை ஏலச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது, சந்தை எந்தக் கிழமை கூடும் என்பதைத்தான். ஆனிக்கில் வழக்கமான சந்தை நாட்கள் வியாழனும் சனியும்.

கடலைவிட்டு ஏன் தள்ளி உட்கார்ந்தது?

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஊரை அங்கேயே அமைக்காமல் ஏன் உள்ளே தள்ளிக் கட்டினார்கள் என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் நடந்ததும் விடை பிடிபட்டது. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் பழைய பெருவழி ஆல்ன் ஆற்றைக் கடக்கிற இடம் இது. மேற்கே மேய்ச்சல் குன்றுகள், சுற்றிலும் தானியம் விளையும் நிலம், கிழக்கே மீன். ஆடும் கம்பளியும் மேலிருந்து இறங்கின, மீன் கீழிருந்து ஏறியது, தானியம் சுற்றுப்புறத்திலிருந்து வந்தது. எல்லாம் ஒரே இடத்தில் கைமாற வேண்டுமென்றால் அது இங்கேதான் நடக்க முடியும்.

ஆபத்தும் அதே வழியில்தான் வந்தது. ஸ்காட்லாந்து எல்லை அதிகத் தூரமில்லை. 1093இல் ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் மால்கம் ஆனிக் அருகே கொல்லப்பட்டார். 1174இல் இன்னொரு ஸ்காட்டிஷ் மன்னரான வில்லியம் இதே இடத்தில் சிறைபிடிக்கப்பட்டார். 1424இலும் 1448இலும் ஸ்காட்டிஷ் படைகள் ஊரையே கொளுத்திவிட்டுப் போயின. 1434இல் அரசரிடம் அனுமதி வாங்கி ஊர்க்காரர்கள் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலில் இன்று மிஞ்சி நிற்பதில் முக்கியமானது பான்ட்கேட் கோபுரம். கறுத்த கல்லால் ஆன வாயில். நடுவில் ஒரே ஒரு வண்டிதான் நுழைய முடியும். எதிரே கார் வந்தால் இந்தப் பக்கத்துக் கார் காத்திருக்க வேண்டும். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதை இடிக்காமல், அறுநூறு வருஷத்து வாசலுக்கு வழிவிட்டு ஊர் பழகிக்கொண்டிருக்கிறது.

உள்ளே போனால் மூன்று தெருக்கள் சேர்ந்து ஒரு முக்கோணம் போல இருக்கின்றன: பான்ட்கேட், ஃபெங்கிள் தெரு, நேரோகேட். ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய எம்.ஆர்.ஜி. கான்சென் என்ற புவியியலாளர் இந்த ஒரு ஊரின் வரைபடத்தை மட்டும் வைத்து 1960இல் ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் நகர அமைப்பைப் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அந்த முக்கோணம் ஒரு காலத்தில் திறந்த வெளியாக இருந்தது. வெளியூர் வழிகள் மூன்று கூடிய இடத்தில் சந்தை கூடியது. தற்காலிகக் கடைகள் நிரந்தரக் கடைகளாகி நடுவிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டன. மிச்சமிருப்பதுதான் இன்றைய சந்தைச் சதுக்கம்.

தெருவோர மனைகளையும் கவனிக்க வேண்டும். முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். சந்தையைப் பார்த்த முகப்புக்குத்தான் மதிப்பு என்பதால், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் முகப்பு கிடைக்கும்படி நிலத்தைப் பட்டைபட்டையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முன்னால் கடை, பின்னால் பட்டறை, அதற்கும் பின்னால் தோட்டம். பின்னாளில் அந்தத் தோட்டங்களுக்குள்ளும் வீடுகள் முளைத்தன. நாங்கள் தங்கிய வாடகை வீடு அப்படி ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு வளைவின் கீழே குனிந்து நுழைந்து, ஈரக் கல் பாவிய நடையில் பத்தடி வைத்தால் வாசல். பெரிய கோட்டை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்க, சாமானிய வியாபாரியின் தோட்டத்து மூலையில் தூங்கி எழுந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சந்தை நாள்

வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சதுக்கத்துக்குப் போனேன். நம் சந்தை அளவுக்குக் கூட்டத்தையோ சத்தத்தையோ எதிர்பார்க்கக் கூடாது. கோடுபோட்ட துணிக் கூரையின் கீழே வரிசையாகக் கடைகள். பாலாடைக்கட்டி, ரொட்டி, தேன், பூச்செடி நாற்று, கம்பளிக் காலுறை. ஒரு பக்கம் ஊர் மண்டபம், இன்னொரு பக்கம் 1826இல் கட்டிய நார்த்தம்பர்லாந்து ஹால். அதன் மேல்தளம் கொண்டாட்டக் கூடம். கீழ்த்தளத்து வளைவுகளின் அடியில் ஒரு காலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்தன. மழை நாட்டில் வியாபாரிக்கு முதலில் வேண்டியது தலைக்கு மேல் கூரை என்று தெரிந்தவர்கள் கட்டிய கட்டடம்.

காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கு மண் ஒட்டியபடியே கூடையில் கிடந்தது. கழுவிப் பளபளப்பாக்கி பிளாஸ்டிக் பையில் அடைத்ததை சூப்பர் மார்க்கெட்டில் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது விருந்து. மண் காய்ந்து வெளுத்திருக்கவில்லை, ஈரக் கறுப்பாக இருந்தது. முந்தின நாள் தோண்டியது என்று கை வைக்காமலே சொல்லிவிடலாம். முட்டைக்கோஸைத் தூக்கி அடித்தண்டைப் பார்த்தேன். கடைக்காரர், அறுபது வயது இருக்கும், என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"தண்டைப் பார்த்து வாங்குறீங்க. யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"எங்கப்பா. எங்க வீட்டிலும் காய்கறி வியாபாரம்தான். தென்னிந்தியா."

"உங்க ஊரில் கோஸ் என்ன விலை?"

"காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கேயும் அப்படித்தான். மூணு மணிக்கு வந்து பாருங்க" என்றார். மூன்று மணிக்குப் போனேன். பாதி விலைக்குக் கொடுத்ததோடு இரண்டு வெங்காயத்தையும் சேர்த்துப் போட்டார்.

இந்த ஊரில் தொழில் செய்யும் உரிமை ஒரு காலத்தில் 'ஃப்ரீமென்' எனப்பட்ட உரிமைக் குடிமக்களிடம்தான் இருந்தது. புதிதாக அந்த உரிமை பெறுகிறவர்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சேற்றுக் குளத்துக்குள் இறங்கி அக்கரை ஏற வேண்டும். ஜான் மன்னர் இந்தப் பக்கம் வந்தபோது அவரது குதிரை சேற்றில் சிக்கியதாகவும், பாதையைச் சரியாக வைக்காத ஊர்க்காரர்களுக்கு அவர் கொடுத்த தண்டனை இது என்றும் கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, ஏப்ரல் 25ஆம் தேதி வெள்ளை உடையில் குளம் இறங்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்தது. இன்னொரு வழக்கம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாயன்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து கோட்டைக்குக் கீழே உள்ள புல்வெளியில் பந்து விளையாடும். ஆட்டம் முடிந்ததும் பந்தை ஆற்றில் போடுவார்கள். பிப்ரவரிக் குளிரில் நீந்திப் போய் எடுக்கிறவருக்கு அந்தப் பந்து சொந்தம்.

கோட்டையும் விஷத் தோட்டமும்

வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் கோட்டைக்காகத்தான் வருகிறார்கள். 1309இல் பெர்சி என்ற பிரபுக் குடும்பம் இதை வாங்கியது. இன்றும் அதே குடும்பம் வசிக்கிறது. மக்கள் குடியிருக்கும் கோட்டைகளில் விண்ட்சருக்கு அடுத்தபடி இங்கிலாந்திலேயே பெரியது இதுதான். ஹாரி பாட்டர் முதல் படத்தில் பிள்ளைகள் துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொள்ளும் முற்றம் இங்கே இருப்பதால் குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிகம். கோட்டைக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும்.

பக்கத்திலேயே இருக்கும் ஆனிக் தோட்டத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 2005இல் திறந்த விஷத் தோட்டம். கறுப்பு இரும்புக் கதவில் மண்டையோட்டுச் சின்னம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தொடக் கூடாது, முகரக் கூடாது. நூறு வகைக்குக் குறையாமல் நச்சுச் செடிகள். அந்தக் கூட்டத்தில் நம் ஆமணக்கு! வாய்க்கால் ஓரத்தில் கேட்பாரற்று வளரும் செடிக்கு முன்னால் நின்று, அதன் விதையிலுள்ள ரைசின் என்ற நஞ்சால்தான் 1978இல் லண்டனில் கியோர்கி மார்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளர் கொல்லப்பட்டார் என்று வழிகாட்டிப் பெண் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். எண்ணெய் பிழியும்போது நஞ்சு பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது, எண்ணெயில் வருவதில்லை. ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாகப் போடும் நம் சம்சாரிகளுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். அதைச் சொன்னேன். அந்தப் பெண் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்த செடி, டிஜிடாலிஸ். இதய நோய்க்கு மருந்து தருவதும் இதுதான், அளவு மீறினால் இதயத்தை நிறுத்துவதும் இதுதான். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே அளவு ஒன்றே வேலி என்பதைக் கண்முன் காட்டும் இடம் இது.

பழையது வீணாவதில்லை

ஊரின் குணம் எனக்குப் பிடிபட்டது ரயில் நிலையத்தில். 1887இல் கட்டிய பெரிய கல் நிலையம். 1968இல் கிளைப் பாதை மூடப்பட்டது. 1991இல் ஒரு தம்பதி அங்கே பழைய புத்தகக் கடை தொடங்கினார்கள். பெயர் பார்ட்டர் புக்ஸ், அதாவது பண்டமாற்றுப் புத்தகக் கடை. படித்து முடித்த புத்தகத்தைக் கொண்டுபோனால் மதிப்புப் போட்டு வரவு எழுதிக்கொள்வார்கள். அந்த வரவுக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். பணம் கையில் இல்லாத பள்ளிப் பிள்ளையும் அங்கே வாடிக்கையாளர்தான்.

நாங்கள் போன அன்று நல்ல மழை. பயணிகள் காத்திருப்பு அறையில் கணப்பு எரிந்தது. ஈரக் கோட்டோடு இரண்டு முதியவர்கள் அதற்கு முன்னால் புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். தலைக்கு மேலே, அலமாரிகளின் உச்சியில் போட்ட தண்டவாளத்தில் ஒரு பொம்மை ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' என்று கோப்பையிலும் சட்டையிலும் பார்த்திருப்பீர்களே, அந்தச் சுவரொட்டி உலகத்துக்குத் திரும்பக் கிடைத்தது இந்தக் கடையில்தான். 1939இல் போர்க்காலத்துக்காக 20 லட்சத்துக்கும் மேல் அச்சிட்டு, பெரும்பாலும் ஒட்டாமலே கூழாக்கிவிட்டார்கள். தப்பிய ஒரு பிரதி 2000ஆம் ஆண்டில் ஏலத்தில் வாங்கிய பழைய புத்தகப் பெட்டியின் அடியில் கிடைத்தது.

ஊர் நடுவில் உள்ள ஒயிட் ஸ்வான் ஓட்டலின் உணவுக் கூடத்திலும் இதே கதைதான். டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கை 1930களில் உடைத்தபோது, அதன் மரச் சுவர்ப் பலகைகளை ஏலத்தில் எடுத்துவந்து இங்கே பொருத்தினார்கள். செதுக்கு வேலைப்பாட்டுக்கு நடுவே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

புத்தகக் கடைக்கு அருகே 83 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. உச்சியில் சிங்கம். நெப்போலியன் போர்கள் ஓய்ந்ததும் தானிய விலை சரிந்தது. குத்தகை விவசாயிகள் தவித்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான, பெர்சி குடும்பத்து டியூக் குத்தகையைக் குறைத்தார். நன்றிக்காக 1816இல் விவசாயிகள் பணம் திரட்டி இந்தத் தூணை எழுப்பினார்கள். தூண் எழுப்பப் பணம் இருக்கிறதே என்று பார்த்து அவர் மறுபடி குத்தகையை ஏற்றிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். ஆனால் விலை விழுந்த வருஷத்தில் விவசாயியின் நிலை என்ன என்று எனக்குத் தெரியும். தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு திரும்பியவர்களை எங்கள் மண்டி வாசலில் பார்த்திருக்கிறேன். குத்தகையைக் குறைத்ததற்கு ஒரு தூணே கட்டியிருக்கிறார்கள் என்றால் அவர்கள் பட்ட பாடு எவ்வளவாக இருந்திருக்கும்!

கடலுக்குப் போகும் வழி

ஆல்ன் ஆறு கடலில் சேரும் இடம் அல்ன்மவுத். 18ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துத் தானியம் கப்பலேறிய துறைமுகம். 1750களில் உள்நாட்டு ஹெக்சம் ஊரிலிருந்து இங்கே வரை தானியத்துக்காகவே சுங்கச் சாலை போட்டார்கள். 1806 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீசிய புயலில் ஆறு கரையை உடைத்துப் புதுவழியில் கடலில் பாய்ந்தது. பழைய தேவாலயம் நின்ற குன்று ஊரிலிருந்து அறுந்து அக்கரைக்குப் போனது. துறைமுகம் மணல் மேடிட்டது. பிறகு ரயில் வந்து, தானியம் அதில் ஏறிவிட்டது. களஞ்சியங்கள் இன்று வீடுகளாக இருக்கின்றன. அந்தத் தேவாலயக் குன்றில் இப்போது ஒரு சிலுவை மட்டும் நிற்கிறது.

வடக்கே கிராஸ்டர் என்ற மீனவர் ஊர். இங்கே ராப்சன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்தும் புகைக்கூடம் 1856இல் கட்டியது. ஹெர்ரிங் மீனை முதுகுப் பக்கம் பிளந்து, உப்பு நீரில் சற்று நேரம் ஊறவைத்து, கொக்கிகளில் மாட்டி, உயர்ந்த கல் அறைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிடுகிறார்கள். தரையில் ஓக் மரத்தூள் தீப்பிடிக்காமல் புகைந்துகொண்டே இருக்கும். 16 மணி நேரம் வரை புகை. அறைச் சுவரெல்லாம் நூற்றைம்பது வருஷத்துக் கரி தார் போலப் படிந்து மினுங்குகிறது. இந்தக் கிப்பர் மீன் நம் கருவாடு மாதிரி வறண்டு போவதில்லை. சதை மென்மையாக, எண்ணெய் கசிந்தபடி, புகை மணத்தோடு இருக்கும். வெண்ணெய் தடவிய பழுப்பு ரொட்டியோடு தருகிறார்கள். எனக்கு எலுமிச்சையும் மிளகுத்தூளும் வேண்டியிருந்தது. கேட்டதும் கொடுத்தார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கடலோரப் புல்வெளியில் ஆடுகளுக்கு நடுவே ஒன்றேகால் மைல் நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை. 1313இல் லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கியது. மன்னரை எதிர்த்த அவர் 1322இல் தலை வெட்டப்பட்டார். பாறை மேல் இரண்டு உடைந்த கோபுரங்களும் கடற்பறவைகளும் மட்டுமே இருக்கும் அந்த இடம் வரை எந்த வாகனமும் போகாது. வயதானவர்களும் மெதுவாக நடந்துவிடலாம், பாதை சமம்தான்.

ஹோவிக்கில் ஒரு கோப்பை தேநீர்

கடற்கரையை ஒட்டிய ஹோவிக் மாளிகை, தேநீருக்குப் பெயர் கொடுத்த ஏர்ல் கிரேயின் வீடு. பெர்கமாட் பழத்தின் மணமேற்றிய அந்தத் தேநீரை அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம். தோட்டமும் அழகு. ஆனால் ஒரு தமிழச்சியாக எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது வேறு. கிரே பிரிட்டனின் பிரதமராக இருந்தபோதுதான் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மகத்தான சட்டம்தான். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அதிலிருந்து விலக்கப்பட்டன. இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டு அடிமைகளுக்குப் போகவில்லை, உடைமையாளர்களுக்குப் போனது. கரும்புத் தோட்டங்களில் ஆள் தேவைப்பட்டபோது, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். 1834 முதல் மொரீஷியசுக்குப் போனவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அந்தக் கப்பல்களின் வழி, இந்த வீட்டுக்காரர் தலைமையில் வந்த சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரு கோப்பைத் தேநீருக்குள் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான மேசை கிடைக்காது.

போகிறவர்களுக்கு

லண்டன் - எடின்பரோ பாதையில் அல்ன்மவுத் நிலையத்தில் இறங்க வேண்டும். லண்டனிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம், நியூகாசிலிலிருந்து அரை மணி. அங்கிருந்து ஆனிக் 4 மைல்தான். எக்ஸ் 18 பேருந்து நியூகாசிலிலிருந்து ஊருக்கே வருகிறது. கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் கோடையிலும் கடற்காற்று எலும்பைத் தொடும், கம்பளிச் சட்டை அவசியம். சைவர்கள் உலர்ந்த மஞ்சள் பட்டாணியை மசித்துச் செய்யும் பீஸ் புட்டிங்கை 'ஸ்டாட்டி' ரொட்டியோடு சாப்பிடலாம். பன்றிக் குழம்பில் வேகவைப்பதும் உண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் சந்தைக் காயை வாங்கி நாமே சமைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் பணம் கோட்டை நுழைவுச் சீட்டோடு நின்றுவிடுகிறது. தங்குகிறவர் ரொட்டி வாங்குகிறார், காய் வாங்குகிறார், புத்தகம் வாங்குகிறார். ஒரு சந்தை ஊரை எழுநூறு வருஷமாக உயிரோடு வைத்திருப்பது இந்தச் சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல்தான். மதிலுக்கும் கோபுரத்துக்கும் பராமரிப்பு நிதி கிடைத்துவிடும், சந்தைக்குத் தேவை ஆட்கள். ஒட்டன்சத்திரத்தில் பிறந்தவள் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன். ஆகவே வியாழனோ சனியோ நடுவில் வரும்படி அறை எடுங்கள், பெட்டியில் மறக்காமல் ஒரு துணிப்பை வையுங்கள், முதல் காய்கறியைச் சந்தைக் கடையில் வாங்குங்கள்.